ஒரு கெஜம், இரண்டு முழம்

ஜனவரி 5, திங்கள்

காலையில் கூட்டாளி நாகூர் மீரான் வீட்டு டிவியில் அமெரிக்கக் கால்பந்து பார்த்தேன். அங்கே ராத்திரி, இங்கே வெயில். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. மூன்று முயற்சி போய், ஒரு கெஜம் மட்டும் பாக்கி நிற்கும்போதுதான் வேடிக்கை. பந்தைத் தூர உதைத்துக் கொடுத்துவிட்டுப் பத்திரமாக இருக்கலாம். துணிந்தும் போகலாம்.

ஒரு கெஜம் என்றால் இரண்டு முழம். முருகன் படத்துக்குத் தினமும் பூக்காரி தெய்வானையிடம் வாங்கும் மல்லிகை அவ்வளவுதான்!

எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறட்டும். போன வருஷம் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது; இந்த வயதில் கற்றுக்கொண்டது.

ஜனவரி 8

தெய்வானை தைப்பூசம் முடிந்ததும் ஆயர் ஈத்தாம் சந்தையில் இருக்கும் பூக்கடையை மூடுகிறாளாம். மகள் கௌரி, தான் இருக்கும் நிபோங் திபால் ஊருக்கு வந்துவிடச் சொல்கிறாளாம்.

"இனி யாரு உங்களுக்குப் பூ தருவா அண்ணே?"

அண்ணே. சந்தையில் எல்லோரும் அவளுக்கு அண்ணன்தான். நானுமா? புருஷன் போன பிறகு, நாள் முழுக்கப் பூக் கட்டினாலும் தலையில் ஒரு பூ வைத்ததில்லை. எனக்கும் வீட்டில் யாருமில்லை. கேட்டுவிட்டால் என்ன? எப்படிக் கேட்பது?

ஜனவரி 12, திங்கள்

நாகூர் மீரானிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு வழி சொன்னான். ஒரு கெஜம் பாக்கி என்றால், முட்டிக்கொண்டு வரப்போகிறான் என்று எதிராளிகள் முன்னால் சுவராக நெருங்கி நிற்பார்கள். பின்பக்கம் காலி. ஓடப் போவதுபோல் போக்குக் காட்டி, அவர்கள் தலைக்கு மேல் பந்தை எறிந்துவிட வேண்டும்.

எனக்கும் பிடித்திருந்தது. போக்குக் காட்டுவோம்.

ஜனவரி 14

காட்டினேன். என் கூட்டாளி ஒருவர் இந்த வயதில் கல்யாணம் செய்ய நினைக்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று தெய்வானையிடம் கேட்டேன். அவள் முகம் மாறியது.

"மீரான் அண்ணனா? நூருல் ஹுதா அக்காவுக்குத் தெரியுமா?"

மீரான் மனைவிக்குத் தெரியாது என்றேன். ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 15

பொங்கல். தெய்வானை நூருல் ஹுதாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மீரான் என்னோடு பேசவில்லை. அவன் மனைவி அவனோடு பேசவில்லை.

ஜனவரி 19, திங்கள்

நூருல் ஹுதாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கரண்டியோடு நின்று சிரித்தார். டிவியைத் திறந்துவிட்டார்.

இன்று புதிதாக ஒன்று புரிந்தது. மூன்றாவது முயற்சி, இரண்டு கெஜம் பாக்கி. எறிவார்கள் என்று நினைத்தேன். ஓடி ஒரே ஒரு கெஜம் எடுத்தார்கள். என்ன முட்டாள்தனம் என்றேன். மீரான் மறுபடி என்னோடு பேசினான்.

"நாலாவதுலயும் போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டான் லா. அப்புறம் மூணாவதுல என்ன பயம்? பாதி கெடைச்சாப் போதும்."

நாலாவதில் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒருவன் நேராகப் புகுந்தான். பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். எல்லோருக்கும் தெரிந்தும் தடுக்க முடியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

முடிவு செய்துவிட்டேன். தைப்பூசம் வரை சந்தையில் அவளோடு கொஞ்சம் கூடுதலாகப் பேச்சு மட்டும். ரத ஊர்வலத்தன்று நேராகக் கேட்டுவிடுவது.

ஜனவரி 31, சனி

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ரத ஊர்வலத் தண்ணீர்ப் பந்தலில் தெய்வானையைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். பக்கத்தில் கௌரி. சுவர்தான். திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். மீரான் இரண்டு கையையும் என் முதுகில் வைத்து ஒரே தள்ளு. நூருல் ஹுதா அவன் முதுகைத் தள்ளினார். மோர்ப் பானை மேல் போய் விழப் பார்த்தேன்.

"தெய்வானை, நிபோங் திபாலுக்குப் போவாத. என்னைக் கட்டிக்க."

அவள் மோரை மொண்டு என் கையில் கொடுத்தாள்.

"அப்ப இனிமே உங்கள அண்ணேன்னு கூப்புட முடியாதே."

முதலில் சிரித்தது கௌரிதான்.

பிப்ரவரி 9, திங்கள்

இறுதி ஆட்டம். மீரான் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு வரி எழுதலாம் என்று நோட்டை எடுத்தேன்.

"ஏங்க, அத அப்புறம் எழுதுங்க. நாலாவது. ஒரு கெஜம்தான் பாக்கி."

தெய்வானை டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். தலையில் இரண்டு முழம் மல்லிகை.