ஒரே ஊசியில் இரண்டு சீட்டு

என்னவருக்கு,

நேற்று அருங்காட்சியகத்தில் எல்லார் முன்னாலும், "இறக்கையைப் பாத்தாலே தெரியலையா? கேரட் இலை தின்னுற அந்துப்பூச்சி. சொன்னதை எழுது" என்று அதட்டினீர்கள். பூச்சி குத்திய ஊசியில் செருகும் பெயர்ச்சீட்டில் அப்படியே எழுதினேன், கண்டறிந்தவர் என்று உங்கள் பெயரையே போட்டு.

ஆனால் அதைப் புழுவிலிருந்து நம் சமையலறை ஜாடியில் வளர்த்தவள் நான். கேரட் இலை போட்டால் பட்டினி கிடந்தது. சோம்புப் பூவைப் போட்டதும் மொட்டையடித்துவிட்டது.

இன்று அதன் வயிற்று நுனியை வெட்டி, இனத்தைக் காட்டிக்கொடுக்கும் இனப்பெருக்க உறுப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். இறக்கை ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு இனம்.

புதுச் சீட்டில், 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில், கல்யாணத்துக்கு முந்தைய என் பெயரை எழுதி, உங்கள் சீட்டுக்குக் கீழே குத்திவிட்டேன். பழைய சீட்டைக் கழற்றக் கூடாது என்று நீங்கள்தானே பாடம் எடுத்தீர்கள்? கழற்றவில்லை. நூறு வருஷம் கழித்து வருபவரும் உங்கள் தப்பை அதே ஊசியில் பார்க்கட்டும்.

என்னிடமிருந்த வீட்டுச் சாவி அந்த ஜாடிக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
அருங்காட்சியகத்து எதிர் மேசைக்காரி