அண்ணனின் கழுத்துக்கு எடுத்த அளவு

அண்ணா,

முந்தாநாள் சந்தையில் வாங்கிய மட்டி வாழைப்பழம் பழுத்து, இன்று காலை அடுக்களை முழுக்க மணக்கிறது. மைனிக்கும் உன் பிள்ளைகள் இருவருக்கும் கொடுத்தனுப்ப மூன்று சீப்பு எடுத்து வைத்தேன். நான்காவதாக ஒன்றை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நீ இல்லை என்பது மூன்று வருடத்தில் பழகிவிட்டது. நீ இருந்தாலும் இதைத் தின்னமாட்டாய் என்பதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

சுனாமிக்கு நாலு வருடம் கழித்து வந்த கிறிஸ்துமஸ் அது. நீ விடுப்பில் வந்திருந்தாய். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரரின் மகனாகப் பிறந்து, அணைத் தண்ணீரில் நீச்சல் படித்து, கல்ஃபில் கப்பலின் அடி சுரண்டும் வேலைக்குப் போனவன் நீ. பிறகு வடக்கே ஒரு குளிர் நாட்டில், கடலுக்குள் கட்டிய மீன் பண்ணைகளின் வலைகளை முங்கிப் பார்த்துச் சரிசெய்கிற வேலை கிடைத்தது. அந்தத் தண்ணீரில் சும்மா இறங்கினால் கை விறைத்துவிடும். அதனால் ட்ரை சூட். உள்ளே ஒரு சொட்டும் புகாத உடை. புக வாய்ப்பிருக்கிற இடங்கள் கழுத்தும் இரண்டு மணிக்கட்டுகளும்தான். அங்கே தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற பட்டைக்கு சீல் என்று பெயர். இதையெல்லாம் நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பட்டை எதில் செய்தது என்பது, தொட்டுப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குலசேகரம் ரோட்டுக் கையுறைக் கம்பெனியில் காற்றடைத்து ஓட்டை பார்க்கிறவளுக்கு ரப்பர் பால் தெரியாதா?

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உனக்கு மட்டிப்பழத்தை நீட்டினேன்.

"வேண்டாம்டீ. இப்பம் இது தின்னா நாக்கு அரிக்குது" என்றாய், ஏதோ சாதாரணமாக.

எனக்குச் சாதாரணமாக இல்லை. எங்கள் கம்பெனியில் ஒருத்தி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் கையில் தடிப்பு, பிறகு பழம் தின்றால் நாக்கு அரிப்பு, ஒருநாள் வேலை மேசையிலேயே தொண்டை வீங்கி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரப்பர் பால் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழைப்பழமும் சேராது என்று டாக்டர் சொன்னார்.

உன் முழுக்கைச் சட்டையைப் பிடித்து மேலே ஏற்றினேன். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல் சிவந்த தடிப்பு. காலரை விலக்கினால் கழுத்திலும்.

"உப்புத்தண்ணி பட்டதாக்கும். சாரமில்ல, விடு."

"உப்புத்தண்ணி இப்படி அளவெடுத்து வட்டம் போடுமா? கழுத்து வீங்கினா அங்க அடியில யாரு இருக்கா உனக்கு?"

நீ சட்டைக் கையை இறக்கிவிட்டாய். மைனி கை கழுவாமல் அப்படியே நின்றாள். அவளுக்கும் நீ காட்டியிருக்கவில்லை.

அப்போதுதான் ஒரு தாளை எடுத்தாய். உன் கம்பெனி எல்லாருக்கும் புது உடை வாங்குகிறது, அவரவருக்கு எந்த சீல், என்ன அளவு என்று எழுதி அனுப்ப வேண்டும். நீ பழையபடி ரப்பர் பால் சீலுக்கே குறி போட்டிருந்தாய். ஏன் என்று கேட்டபோது உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"சீக்குண்ணு எழுதினா, நீ இனி வரண்டாம்னு சொல்லிருவான் மக்கா. அப்பன் முப்பது வருசம் ரப்பர் வெட்டினாரு. அவருக்க மவனுக்கு ரப்பர் ஆவாதுன்னு நான் எங்க போய் சொல்லுவேன்?"

நீ சிரிக்கத்தான் பார்த்தாய். முடியவில்லை. உன் கண் கலங்கி நான் பார்த்தது அப்பா அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மறுநாள் நாகர்கோவிலுக்குப் போனோம். தோல் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி ரப்பர் பால் உன் உடம்பில் படவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது நான் உன் கம்பெனித் தாளை மடியில் விரித்துப் படித்துக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் மேசையின் முன் உட்கார்ந்தோம்.

தாளில் இன்னும் இரண்டு வகை சீல் இருந்தன. ஒன்று நியோப்ரீன், தடித்த நுரைத் துணி. கிழியாது, குளிரும் தாங்கும். உன் முஷ்டியை மடக்கச் சொன்னேன். மணிக்கட்டில் இரண்டு நரம்பு கயிறுபோல் எழும்பி, நடுவே ஒரு வாய்க்கால் விழுந்தது. தடித்த துணி அந்தப் பள்ளத்தில் படியாது, நீ வலையை இழுத்துப் பிடிக்கிறபோதெல்லாம் தண்ணீர் ஏறும் என்றேன். "ஏறத்தான் செய்யும். கூட்டாளி ஒருத்தன் அதைத்தான் போடுவான். சாயந்திரம் கைய உதறினா தண்ணி கொட்டும்" என்றாய். அன்று நீ என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

மற்றது சிலிக்கோன். மெல்லிசு, தோலோடு படியும், ரப்பர் பால் துளியும் கிடையாது. ஆனால் எந்தப் பசைக்கும் ஒட்டாது. அதனால் உடையின் கழுத்திலும் கையிலும் கெட்டியான ஒரு வளையம் வைத்துத் தைத்திருப்பார்கள். சீலை அந்த வளையத்தில் அமுக்கிப் பொருத்த வேண்டும். கழற்றி வேறொன்றை மாட்டவும் செய்யலாம்.

"இது நகம் பட்டாலே கிழியுமாம்டீ. எல்லாவனும் சொல்லுவான்."

"கிழிஞ்சா மாத்து. அதுக்காக்கும் வளையம். ஒட்டுன சீல் கிழிஞ்சா என்ன செய்வ?"

"பசை காயணும். அன்னைக்கு வேலை போச்சு."

"பின்ன?"

நீ தாளை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

என் தையல் டேப்பால் உன் கழுத்தை நின்றபடி அளந்தேன், குனியச் சொல்லி அளந்தேன், எச்சில் விழுங்கச் சொல்லி அளந்தேன். இறுக்கம் அதிகமானால் தலை சுற்றும், குறைந்தால் தண்ணீர் வரும். நடுவில் ஒரு அளவைப் பிடித்து எழுதினோம். சீல் வந்ததும் அதன் ஓரத்தில் போட்டிருக்கும் கோடுகளோடு வெட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று தாளில் இருந்தது. "ஒரு கோடு மட்டும் வெட்டிப் போட்டுப் பாரு, இன்னும் இறுக்குச்சுன்னா அடுத்தது. கத்திரிய நடுவுல நிப்பாட்டாத. பிசிறு நின்னா அங்கயிருந்து கிழியும்" என்றேன். கையுறையில் நான் ஆயிரம் தடவை பார்த்தது அது. கூடவே மாற்று சீல் இரண்டு ஜோடி கேட்டு எழுதவைத்தேன்.

பிரவுசிங் சென்டரில் டாக்டர் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப நீ பட்ட பாடு. "எனக்கு ரப்பர் பால் ஒத்துக்காது" என்ற ஒரு வரியை இங்கிலீஷில் அடித்தாய், அழித்தாய், திரும்ப அடித்தாய். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே அனுப்பினாய். பிறகு நாலு நாள். நீ கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக மைனி சொன்னாள். வேலை போனால் அது என் வாயால்தான் போயிற்று என்று ஆகும். அதைத் தெரிந்துகொண்டேதான் நானும் அந்த நாட்களில் கம்பெனிக்குப் போய் வந்தேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. நீ கேட்டதே வரும், நீ தங்கும் முகாமின் மருந்துப் பெட்டியிலும் ரப்பர் கையுறைகளை மாற்றிவிடுகிறோம், குறித்த தேதிக்கு வா என்று இரண்டே வரி. நீ அதை வாசித்த கையோடு திற்பரப்பு அருவிக்கு எல்லாரையும் வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாய்.

நீ திரும்பிப் போன இரண்டாம் மாதம் போனில் கூப்பிட்டாய்.

"ஏட்டி, இன்னைக்கு கிழிஞ்சுது."

"எங்க?"

"வலது கையில. படகுல வச்சு, இறங்கப் போற நேரம்."

"பின்ன?"

"பின்ன என்ன. வேற எடுத்து மாட்டினேன், பத்து நிமிசம். இறங்கி வேலையும் முடிச்சாச்சு." பிறகு சொன்னாய்: "இது யாரு சொல்லித் தந்தான்னு மேஸ்திரி கேட்டான். எனக்க தங்கச்சின்னு சொன்னேன். அவளும் முங்குவாளான்னு கேக்கான்."

அதன்பிறகு ஆறு வருடம் அந்தத் தண்ணீரில் வேலை செய்தாய். தடிப்பு திரும்ப வரவில்லை. உடம்பு மட்டும் வேறு வழியில் ஏமாற்றிவிட்டது. வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த வருடம், வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போது மாரடைப்பு. கடல்தான் கொண்டுபோனதா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு தலைநிமிர்வு உண்டு, மறைக்கப் போவதில்லை.

போன மாதம் கம்பெனியில் புதிதாக வந்த இரண்டு பெண்களுக்குக் கையில் தடிப்பு. ரப்பர் பால் படாத அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு அவர்களை மாற்றவேண்டும், டாக்டரிடம் காட்டவேண்டும் என்று மேனேஜர் அறைக்குள் போய்ச் சொன்னேன். முன்பென்றால் அந்தக் கதவைத் தட்டியிருக்கமாட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டே, நீங்கள் என்ன டாக்டரா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றேன். "நான் சொன்னதக் கேட்டு எனக்க அண்ணன் ஆறு வருசம் கடலுக்கு அடியில போய்ட்டு வந்தான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பெண்களின் பெயரைக் கேட்டார்.

உன் தங்கச்சி