கிடை போட்ட புஞ்சை

ஆவணி 20, வெள்ளி.

என் மார்புப் புத்துக் கட்டியை எடுத்து ரெண்டு வருசமாச்சு. இன்னைக்கு ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, நுரையீரல்ல ஒரு புள்ளி இருக்கு, அதே நோய்தான்னாங்க. "வெட்டி எடுத்தாச்சே, அங்கன எப்படிப் போச்சு?"ன்னு கேட்டேன்.

"எடுக்குறதுக்கு முன்னாடியே சில செல் ரத்தத்துல கிளம்பியிருக்கும். முக்காவாசி வழியிலயே செத்துரும். தோதான இடத்துல ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கும்"னாங்க.

கமுதி பஸ்ல வீட்டுக்காரர்கிட்ட, "நம்ம மிளகாய்ப் புஞ்சை கதைதான்"னேன். எருவுக்குன்னு ஒரு வருசம் ஆட்டுக்கிடை போட்டோம். ஆடுக எங்கயோ தின்ன சீமைக்கருவேல நெத்துல இருந்த விதை, புழுக்கையோட விழுந்து முளைச்சுருச்சு.

"வாயை மூடிக்கிட்டு வாடி"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அந்தப் புஞ்சையில மூணாவது மழைக்குக்கூடப் புதுசா முளைச்சுச்சு. முளைக்காம கிடக்குற செல் எத்தனை மழைக்குக் காத்துக் கிடக்கும்? அதைக் கேக்காம வந்துட்டேனே.