பால்கனிக் கூரையின் பதில்

அக்கா,

காலையில் மழை விட்டதும் பால்கனியில் ஈரச் சிமெண்ட் வாசனை. அண்ணாந்து பார்த்தேன். நீ சரிசெய்த இடத்தின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். இந்த வீட்டில் நீ கடைசியாகச் செய்துவிட்டுப் போன வேலை அதுதானே.

அன்று கூரைக் காரை பெயர்ந்து அம்மாவின் துளசித் தொட்டியில் விழுந்தது. உள்ளே கம்பி செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தது. சிவில் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதுசு உனக்கு. "கம்பிக்கு அரிப்பு" என்றாய். "அப்போ பவுடர் போடு" என்றேன். குட்டு விழுந்தது.

"மேல ஒரு பூச்சு பூசிட்டாப் போதும்மா" என்றார் கொத்தனார்.

"இல்லண்ணே, கம்பிக்குப் பின்னாடியும் விரல் போற அளவு கொத்துங்க. துருவை உள்ள வச்சு மூடினா மறுபடி வெடிக்கும்."

கொத்திய இடத்தில் ஏதோ மருந்து தெளித்தாய். கெடாத கான்கிரீட் மட்டும் ரோஸ் நிறமாகப் பூத்தது. சாயங்கால வெயிலில் கூரைக்கே வெட்கம் வந்த மாதிரி இருந்தது. நிறம் மாறாத ஆழத்தை அளந்து ஏதோ கணக்குப் போட்டாய்.

"ரிப்பேர் பண்ணிட்டா இருபது வருஷம் தாங்கும்டா. அப்ப நீ தொப்பையோட நிப்ப. நான் வந்து மறுபடி தட்டிப் பாக்குறேன்."

வேலை முடிந்ததும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாய். உள்ளே பொள்ளலென்றால் 'டொப்பு', கெட்டியென்றால் 'டங்'. நான் அந்தக் கூரைக்கு நேர் மேலே மொட்டை மாடியில், கோயில் ராஜகோபுரத்தைப் பார்த்தபடி குப்புறப் படுத்து, நீ தட்டத் தட்டக் கல்லால் பதில் தட்டினேன்.

"அம்மா, கூரை பேசுதும்மா!" என்று கத்தினாய்.

"பேசுறது உன் தம்பிடி. போய் முதுகுல ரெண்டு தட்டு!"

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. அதன்பிறகு அம்மா பால்கனிப் பக்கமே வருவதில்லை. துணியெல்லாம் மாடியில்தான் காய்கிறது.

இன்று உன் சுத்தியலோடு ஸ்டூலில் ஏறினேன். வருவேன் என்ற நீ வரவில்லை. உன் கணக்கும் பொய்த்துவிட்டால்? விரிசலுக்கு இந்தப் பக்கம் தட்டினேன். டங். அந்தப் பக்கம். டங். நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் உரிந்தது, விரிசலும் அதோடு வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் உன் வேலை முழுசாக இருந்தது.

சந்தோஷத்தில் இன்னொரு தட்டு தட்டினேன். மேலிருந்து பதில் வந்தது. டங்.

சுத்தியலை இறக்கி அண்ணாந்து பார்த்தேன். "யாரு?"

"கூரைதான்டா" என்றது அம்மாவின் குரல்.

சுத்தியல் இனி என்னிடமே இருக்கும், அக்கா. நீ சொன்ன வருஷம் வரும்போது நான் தட்டிப் பார்க்கிறேன். தொப்பைக்கும் ஏற்பாடு நடக்கிறது.