இடது பக்கக் கயிறு

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று உன் அப்பாவைக் கால்சட்டையிலிருந்து வெட்டி எடுத்தார்கள். சிரிக்காதே, முதலில் முழுசாகப் படி.

ஓட்டக்காரர்கள் போடுகிறார்களே, தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் கறுப்புக் கால்சட்டை, அதில் ஒன்று வாங்கினேன். போடும்போது ஏறிவிட்டது. கழற்றும்போது முழங்காலோடு நின்றுவிட்டது. டெப்போவில் அத்தனை வருஷம் பஸ் டயரை ரிம்மிலிருந்து கழற்றினவன், என் காலிலிருந்து ஒரு முழத் துணியைக் கழற்ற முடியாமல் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். கடைசியில் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒயர் உரிக்கிற கத்தியோடு வந்தான். "அண்ணே, ஆடாம படுங்க. உள்ள கம்பி, மேல பிளாஸ்டிக், அவ்வளவுதான்" என்றான். துணி போனது. மானம் அதற்கு முன்னாலேயே போயிருந்தது.

இந்த ஆடம்பரமெல்லாம் 24ஆம் தேதி ஓட்டத்துக்குத்தான். ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டுக்காக வருஷா வருஷம் நடக்கிற அதே ஐந்து கிலோமீட்டர். நீ கல்யாணமாகிப் போன பிறகு ஆரம்பித்தது, அதனால் நீ பார்த்ததில்லை. நெஞ்சில் நம்பர் குத்திக்கொள்வோம். முதுகில் ஒரு வெள்ளைத் தாள். யாருக்காக ஓடுகிறோம் என்று அதில் எழுத வேண்டும். ஓடி முடித்ததும் தாளைக் கழற்றிக் கயிற்றில் மாட்டுவார்கள். இரண்டு கயிறு. போய்ச் சேர்ந்தவர்களுக்கு இடது பக்கம், வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பிழைத்து வந்தவர்களுக்கும் வலது பக்கம். நான் எப்போதும் உன் அம்மாவுக்காக எழுதுவேன், இடது பக்கம் தொங்கும். நான் கடைசியில் வருவதால் அம்மாவுக்கும் கடைசி இடம்தான். கோவித்துக்கொள்ள மாட்டாள், என் வேகம் அவளுக்குத் தெரியும்.

போன வாரம் போனில் "சும்மா ஒரு செக்கப்" என்றாயே, அது என்ன ஆயிற்று? "சும்மா" என்று நீ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் நாம் "சாப்பிட்டியா" தாண்டிப் பேசினதே இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். விவரமாக எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
காற்று இறங்கிய உன் அப்பா


மார்ச் 9, சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

கால்சட்டைக் கதையை இவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது, இவர் பயந்துபோய்ப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பாத்திரம் கழுவுகிறார். வீட்டில் எல்லாத் தட்டும் பளபளவென்று இருக்கிறது.

சும்மா செக்கப் இல்லை அப்பா. மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் பட்டது. அம்மாவுக்கு வந்த அதே பக்கம். ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். 28ஆம் தேதி வியாழக்கிழமை ரிசல்ட் சொல்வார்கள். டாக்டர், "இந்த மாதிரி கட்டி நிறைய பேருக்கு ஒண்ணுமில்லாம போயிடும்மா" என்றார். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, இந்த வருஷம் உங்கள் முதுகில் என்னை எழுதுங்கள். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்காக யாராவது மூச்சு வாங்க ஓடினால் நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

இன்னொன்று. அம்மா படுத்திருந்தபோது நீங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக் ஜோக்காகச் சொன்னீர்கள். அம்மாவும் சிரித்தாள். ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பாவுக்குப் பயமே இல்லையாடி? எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்படி ஆகக் கூடாது அப்பா. ஜோக் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜோக் மட்டும் வேண்டாம்.

உங்கள்
வாலு


மார்ச் 14, வியாழன்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த டாக்டர் சொன்னது சரி. டெப்போவிலும் பார்த்திருக்கிறேன், டயரில் ஒரு வீக்கம் தெரியும், எல்லோரும் அலறுவார்கள், கழற்றிப் பார்த்தால் ஒரு சின்னக் கல். எடுத்துப் போட்டுவிட்டு வண்டியை அனுப்பிவிடுவோம். இதுவும் அப்படித்தான், பார்.

நம்பரும் தாளும் வாங்கி வந்துவிட்டேன். ஓட்டத்தை நடத்துகிறவர் நம் பழைய டிரில் மாஸ்டர், ஊர் முழுக்க விசில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்ததும், "சார், இந்த வருஷமாவது சாயங்காலத்துக்குள்ள வந்துடுவீங்களா? நான் பந்தலைப் பிரிக்கணும்" என்றார். "மாஸ்டர், நீங்க பந்தலைப் பிரிங்க, ஒரு கம்பத்தை மட்டும் விட்டுவைங்க, அதைப் பாத்து வந்து சேர்ந்துடறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சி நன்றாகப் போகிறது. நேற்று ஒரு பாட்டியம்மா நடந்தே என்னைத் தாண்டிப் போனார். கையில் காய்கறிப் பை வேறு. தாண்டினதும் திரும்பிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் உக்காந்துட்டுப் போப்பா" என்றார். தம்பி என்றாரே, அதைக் கவனி. இந்த வயதில் அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னும் ரெண்டு சுற்று ஓடலாம்.

எழுதுகிறேன், எழுதுகிறேன். தாள் மேஜை மேல்தான் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில் இருக்கிறது.

தைரியமாக இரு.

அப்பா


மார்ச் 19, செவ்வாய்

அப்பா,

ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கல் இருக்கிறது, பந்தல் இருக்கிறது, பாட்டியம்மாவின் காய்கறிப் பை கூட இருக்கிறது. நீங்கள் எங்கே?

"தாள் மேஜை மேல் இருக்கிறது" என்றால் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா உங்களை?

ரிசல்ட் சொல்லும் வியாழக்கிழமைக்கு நீங்கள் வர நினைப்பீர்கள் என்று தெரியும். இப்படியே கதை சொல்லிக்கொண்டு வருவதாக இருந்தால் வர வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து உங்கள் ஜோக்குக்குச் சிரிக்க என்னிடம் தெம்பு இல்லை. இவருடைய தட்டுச் சத்தமே போதும்.

ஓட்டம் முடிந்ததும் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். எனக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று எதையும் ஒளிக்காதீர்கள். சரியா?

வாலு


மார்ச் 24, ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள வாலுவுக்கு,

நடந்தது நடந்தபடி. ஒளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய். இதை ஒளித்திருப்பேன், சத்தியமாக.

காலையில் போனபோது தாள் வெள்ளையாகவே இருந்தது. பத்து நாள் மேஜையில் கிடந்தது, பேனாவைத் திறப்பேன், மூடுவேன். அம்மாவை எழுதி எழுதி அந்தத் தாளில் எழுதினால் ஆள் போய்விட்ட மாதிரி எனக்கு ஒரு எண்ணம். படிக்காதவன் புத்தி என்று வைத்துக்கொள். உன்னை அதில் எழுதக் கை வரவில்லை.

வரிசையில் நிற்கும்போது விசில் மாஸ்டர் பார்த்துவிட்டார். "சார், முதுகு காலியா இருக்கே? காலி முதுகோட யாரையும் விடமாட்டேன்." பின்னால் ஜனம் நெருக்குகிறது. கூட ஓட வந்திருந்த எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் குனியச் சொல்லி அவன் முதுகிலேயே தாளை வைத்து எழுதினேன். "அண்ணே, கூசுது, சீக்கிரம்" என்று நெளிந்தான். அதனால் எழுத்து கோணல். 'என் மகளுக்காக' என்று எழுதினேன். அவன்தான் படித்துவிட்டு எனக்குக் குத்திவிட்டான். விசில் ஊதியதும் என்னை விட்டுவிட்டுப் பறக்கிற பயல், இன்றைக்கு என் பக்கத்திலேயே குதித்துக் குதித்து வந்தான். "நீ போடா" என்றேன். "செருப்பு கடிக்குதுண்ணே" என்றான். ஷூ போட்டிருந்தான்.

கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வரும், தெரியுமா? கடைசி ஆள் நான்தான் என்பதால் எனக்கு அது சொந்த வண்டி மாதிரி. பாதி வழியில் டிரைவர் தலையை நீட்டினான். "பெரியவரே, ஏறிக்கிறீங்களா? ஏசி போட்டிருக்கேன்."

"வேணாம்ப்பா, அதுல ஏர்றது சுலபம், எறங்கறதுதான் கஷ்டம்."

அவன் சிரிக்கவில்லை. "மகளுக்கு என்ன வயசு?" என்று கேட்டான். அப்போதுதான் உறைத்தது, அவன் வழி முழுக்க என் முதுகைப் படித்துக்கொண்டே வருகிறான். ஆம்புலன்ஸ் உன் பின்னாலேயே வருகிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த வண்டிக்கும் உனக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று ஓடினேன், வாலு. கால் தரையில் பாவவில்லை. எலக்ட்ரீஷியன், "அண்ணே, மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தான். என்னைப் பார்த்து ஒருத்தன் மெதுவாக என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

முடிவுக் கோட்டில் கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றேன். கயிற்றைப் பார்த்துக்கொள்வது மருந்துக்கடைக்காரம்மா. அம்மாவுக்கு மருந்து வாங்கின அதே கடை. எனக்கு முதுகுக்குக் கை எட்டாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் அவர்களே ஊக்கைக் கழற்றி எடுத்துப்போய் மாட்டிவிடுவார்கள். இன்றைக்கும் கழற்றினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கோணல் எழுத்து, இந்தப் பக்கம் பார்த்தபடி. காற்றில் ஆடிக்கொண்டு, அம்மாவின் தாள் வழக்கமாகத் தொங்குகிற அதே கடைசி இடத்தில். அவர்கள் மேல் தப்பு இல்லை, வாலு. என் தாள் என்றாலே அவர்கள் கை அந்தப் பக்கம்தான் போகும், படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

தண்ணீர் எங்கே போனது என்று தெரியாது. "அது இல்லம்மா! அது இல்ல!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம், தள்ளிக்கொண்டு போனேன். க்ளிப்பைத் திறக்கத் தோன்றவில்லை, தாளைப் பிடித்து இழுத்தேன். மூலை கிழிந்து ஒரு துண்டு க்ளிப்பிலேயே நின்றுவிட்டது.

அந்தம்மா தாளைப் படித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஐயோ அண்ணே... நீங்க வருஷா வருஷம் இந்தப் பக்கம்தானேன்னு... நான் பாக்கலண்ணே... பொண்ணுக்கா? நம்ம பொண்ணுக்கா?"

"பரவாயில்லம்மா, பழக்கம்" என்றேன். க்ளிப்பில் இருந்த அந்தத் துண்டையும் விடவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் எழுத்துகூட இல்லை, வெறும் வெள்ளை. இருந்தாலும் அங்கே விடக் கூடாது.

வலது பக்கம் கொண்டுபோய் நானே மாட்டினேன். க்ளிப்பு கைக்கு அகப்படவில்லை. விசில் மாஸ்டர் வந்து, "என்ன சார், கை இப்படி நடுங்குது?" என்றார்.

"மூச்சு வாங்குது மாஸ்டர்" என்றேன். அவரிடம் பொய் சொல்லலாம். உன்னிடம் இல்லை. பயம்தான். கட்டி என்று நீ எழுதின நாளிலிருந்து பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். போனைச் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். டயரில் கல் என்றெல்லாம் எழுதினேனே, அது, உள்ளே கல் இல்லாமலே வீங்கி வெடித்த டயர்களையும் பார்த்தவன் எழுதினது. அம்மா கேட்ட கேள்விக்கு நீ பதில் தெரியாமல் நின்றாய் அல்லவா? பதில் இதுதான். அவளுக்கு மட்டும் இல்லை.

இதை நாளைக்கே கூரியரில் போடுகிறேன், செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்றால் மாப்பிள்ளையை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல், அரிசி டப்பாவுக்குப் பின்னால் கேட்கிற மாதிரி பலமாகச் சொல்லட்டும். வரச் சொன்னால், வியாழக்கிழமை டாக்டர் அறை வாசலில் உன் பக்கத்தில் உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன். கை நடுங்கினால் நடுங்கட்டும், பிடித்துக்கொள். மாப்பிள்ளையை ரெண்டு தட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லவா என்று இப்போதே ஒரு ஜோக் வருகிறது, பார். அடக்கிக்கொள்கிறேன்.

எல்லோரும் கலைந்த பிறகும் அங்கேயே நின்றேன். உன் தாள் வலது பக்கம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. இடது கயிற்றில் கடைசியாக அந்தக் காலி க்ளிப்பு. எலக்ட்ரீஷியன் வந்து, "என்னண்ணே அங்கயே பாத்துக்கிட்டிருக்கீங்க, போலாமா?" என்றான். "போலாம்டா" என்றேன். அந்தக் காலி க்ளிப்பைப் பார்த்து உன் அம்மாவிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான்:

'துணை வேணும்னா இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ. நான்தான் கடைசியில மெதுவா வந்துக்கிட்டிருக்கேனே. அவளைக் கூப்பிடாதே.'

அப்பா