எலிகளுக்கு மட்டும் போட்ட மதிப்பெண்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் ஆய்வுக் கட்டுரையைப் படித்த நிபுணர் ஒருவர், கையால் எழுதிய மூலத் தாள்களைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதற்காகப் போன வாரம் பீரோவிலிருந்து அந்த நீல ஃபைலை எடுத்தேன். திறந்ததும், ஆய்வு எலிகளை நீங்கள் பார்த்துக்கொண்ட நம் எலிக்கூடத்தின் வாசனை வந்தது. பிளீச்சிங் பவுடரும் மரத்தூளும் கலந்த வாசனை. இரண்டு வருடம் ஆகியும் காகிதம் அதை விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் உங்கள் டிக்குகள். பேனாவை அப்படி அழுத்துவீர்கள், தாளின் பின்பக்கத்தைத் தடவினால் விரலில் தட்டும். கடைசி வாரத்தின் புதன்கிழமைத் தாள் வரை புரட்டினேன். அதற்குமேல் முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

படப்பையிலிருந்து பஸ் பிடித்து நீங்கள் தாம்பரம் வருவீர்கள். அங்கிருந்து கேளம்பாக்கம் போகிற வழியில் இருக்கும் கல்லூரி வரை என் ஸ்கூட்டரில் போவோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவீர்கள், ஹெல்மெட்டுக்குள் எனக்குப் பாதிதான் கேட்கும். கேட்காததற்கும் 'ம்' போடுவேன். அந்தக் கெட்ட பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வேலையை உங்களுக்குப் புரியவைக்க நான் எவ்வளவு பாடுபட்டேன், நினைவிருக்கிறதா? ரத்தத்தில் கிருமி கலந்து உடம்பே கொந்தளிக்கும்போது முதலில் அடிவாங்குவது நுரையீரல், அது வீங்கி நீர் கோத்து மூச்சு முட்டும், அந்த வீக்கத்தை லேசர் ஒளி தணிக்குமா என்று எலிகளில் பார்க்கிறோம் என்றேன். சுடாத, வெட்டாத, கண்ணுக்கே தெரியாத ஒளி. நீங்கள் எலியைப் பிடித்துக்கொள்ள, மார்பில் ரோமம் மழித்த இடத்தில் பேனா மாதிரியான கருவியைச் சில நிமிடம் வைப்பேன். பாதி எலிகளுக்குக் கருவியை வைப்போம், ஒளியைப் போட மாட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். எந்த எலிக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும்.

"லைட்டுன்றீங்க, கண்ணுக்கு ஒண்ணும் தெரில. இதுல பொய் லைட்டு வேற. பாவம் மேடம் வெள்ளக்காரங்க, ஏமாந்துகினு கீறாங்க" என்றீர்கள். வெள்ளை எலிகளுக்கு நீங்கள் வைத்த பெயர் அதுதான்.

ஒவ்வோர் எலிக்கும் ஒரு தாள். ரோமம் சிலிர்த்திருக்கிறதா, முதுகு கூனியிருக்கிறதா, கண் சொருகியிருக்கிறதா, மூச்சு வேகமாக வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்து ஓர் அளவைத் தாண்டினால் அரை மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த விதியை எழுதியது நான். உங்களுக்குத் தாளே தேவைப்படாது. வாசலில் நின்றபடியே, "மூணாவது கூண்டு சரியில்ல மேடம், குந்திகினு கீறான்" என்பீர்கள். என் கருவிகள் அதை இரண்டு மணி நேரம் கழித்துச் சொல்லும்.

இன்னொரு விதியும் இருந்தது. எலிக்கூடத்தை விட்டு வெளியே போனால் கவுன், தொப்பி, முகக்கவசம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி குளித்து, வேறு உடுப்பு மாட்ட வேண்டும். "ஒரு தபா உள்ள வந்தா வந்ததுதான்" என்று நீங்கள் காலையிலிருந்து மூன்று மணி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் மற்ற ஊழியர்களிடம், "அக்காவைப் பாருங்க, நடுவுல ஒரு தடவைகூட வெளிய போக மாட்டாங்க" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். "மேடம், இன்னிக்கு எனக்கும் ஒரு தாளு போட்ருங்க. முதுகு கூனிக்கினு கீது, மயிரெல்லாம் சிலுத்துக்கினு கீது, மூச்சும் வேகமா வருது. என்னையும் ஒரு கூண்டுல போட்டு அந்த லைட்ட வச்சிடுங்க."

நானும் சிரித்தேன். "நிஜ லைட்டா பொய் லைட்டானு குலுக்கிப் பார்த்துதான் அக்கா சொல்ல முடியும்" என்றேன். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மத்தியானம் சாப்பிடும்போது இன்னொருவரிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

"பொய் லைட்டு வந்தாலும் சரி, படுக்க எடம் கெடச்சா போதும்" என்றீர்கள். என் பையிலிருந்து இரண்டு காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். வெள்ளிக்கிழமையோடு இந்தத் தொகுதி எலிகளின் வேலை முடிந்துவிடும், அதுவரை சமாளித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு வாரம் லீவு என்றேன். வேறு யார் கையிலும் எலிகள் அடங்கி இருக்காது என்பது என் கவலை. "செரி மேடம்" என்றீர்கள். வியாழனும் வந்தீர்கள். வெள்ளியும் வந்தீர்கள்.

சனிக்கிழமை காலை உங்கள் மகள் போன் செய்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உங்களுக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் வைத்திருந்தார்கள். சிறுநீரில் தொற்று, அது ரத்தத்தில் கலந்துவிட்டது, நுரையீரல் தாங்கவில்லை என்றார் டாக்டர். எக்ஸ்ரேயைக் காட்டினார். நுரையீரலில் நீர் கோத்த அந்த வெளுப்பை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களா? காய்ச்சல் எத்தனை நாளா இருந்துச்சு?" என்று அவர் கேட்டார். உங்கள் வீட்டுக்காரரும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த அன்று உங்கள் மகள் என்னிடம், "மேடம், அந்த லைட்ட அம்மாவுக்கு வச்சிருந்தா பொழச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள். எலிகளில் வீக்கம் குறைந்ததுபோலத் தெரிகிறது, மனிதர்களுக்கு இன்னும் தெரியாது, பல வருட வேலை பாக்கி இருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் புதன்கிழமையே டாக்டரிடம் போயிருந்தால் சாதாரண ஊசி மருந்தே ஒருவேளை போதுமாக இருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒளியைப் பற்றிப் பேசிப் பேசி அதை மறைத்தேன்.

இப்போது ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சை எண்ணுகிறேன். கை தானாகக் கடிகாரத்தைத் திருப்புகிறது. எலிக்கூடத்துக்குள் யார் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்கொரு தடவை வெளியே அனுப்பித் தண்ணீர் குடிக்க வைக்கிறேன். உடுப்புச் செலவைக் கேட்டு அலுவலகத்தில் சண்டைக்கு வருகிறார்கள், நானும் விடுவதில்லை. ஆனால் இதெல்லாம் உங்களுக்கு என்ன உதவி?

அந்த ஃபைலை மூடிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, படப்பைக்குப் போனேன். உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னது, நான் சிரித்தது, மாத்திரை, வெள்ளிக்கிழமை. அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை.

"அப்பா இன்னிக்கு வரைக்கும் அம்மாவத்தான் திட்டிகினு கீறாரு மேடம். ஒடம்பு சரியில்லனு யாராண்டயும் ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளேன்னு. நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "அவராண்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

இரண்டு வருடமாக, நான் பேசாமல் இருந்ததற்கு நீங்கள் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். அவர் கடையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"சிரிச்சிக்கினேவா சொன்னா?"

"ஆமாண்ணா."

"வலி தாங்கலன்னாதான் அவ சிரிச்சிக்கினே சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஆறு வருடம் உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தேன், அக்கா. எனக்கு அது தெரியாது.