மச்சாளின் கார்டில் நான் எழுதியது

15.03.2023, புதன்

பெண்களுக்கு மார்புப் பரிசோதனைக் கிளினிக் நாள். என் பகுதியில் முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் முப்பத்திரண்டு பேருக்கு வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுத்தேன். வந்தது இருபது. மற்றவைக்கு என்ன வேலையாம்? ஒருத்திக்குத் தலையிடி. ஒருத்திக்கு வெட்கம். ஒருத்தி கேட்கிறாள், "ஒண்டுமில்லாத உடம்பிலை ஏன் மிஸ் வருத்தம் தேடுவான்?" அடி விசரி, ஒண்டுமில்லை எண்டு நினைக்கிற நேரத்திலை பாக்கத்தானே இந்தக் கிளினிக்! நோ வந்தபிறகு போறதுக்கு ஆஸ்பத்திரி கிடக்கு. பதினொரு வருசமாய் மிட்வைஃப் வேலை, பதினொரு வருசமாய் இதே கத்தல்.

சந்தையில் மரக்கறி விற்கிற குணலட்சுமியை நாலு தரம் போய்ச் சண்டை பிடித்துத்தான் கூட்டிவந்தேன். வலது மார்பில் பயறளவு ஒரு கட்டி என் விரலில் தட்டுப்பட்டது. அவளுக்கே தெரியாது. டொக்டரும் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். வாசலில் நின்று என்னை ஏசினாள். "சும்மா இருந்தவளை வருத்தக்காரி ஆக்கிப்போட்டாய்" என்றாள். ஏசட்டும்.

அவளுக்குப் பிறகு றஜனி மச்சாள். இவரின், அதாவது என் மனிசனின், அக்கா; எனக்குப் பக்கத்து வளவு. கட்டிலில் இருந்தா, சட்டையைக் கழற்றமாட்டா. "உனக்கு முன்னாலையோ? நாளைக்கு எப்பிடி நிரோ உன்ரை முகத்தைப் பாக்கிறது? நான் தடவிப் பாத்தனான், ஒண்டுமில்லை. போட்டுவிடு." டொக்டர் பார்க்கட்டும் என்றால் அவர் ஆம்பிளையாம். வெளியில் இன்னும் பத்துப் பேர் கதிரையில். கார்டில் "சாதாரணம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். சிரிச்சுக்கொண்டு போனா.

சரியான களைப்பு.

04.07.2023

குணலட்சுமிக்கு ஒப்பரேசன் முடிந்தது. புற்றுநோய்தான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்தது நல்லதாய்ப் போயிற்று என்று டொக்டர் சொன்னாராம். போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்தவள் விடவேயில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

19.11.2023, ஞாயிறு

மச்சாளின் ஒரே பிள்ளை சுவர்ணாவுக்குப் பாசையூரில் சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. தவக்காலத்துக்கு முதல் வசதிப்படாதாம், உயிர்த்த ஞாயிறு முடியத்தான் கலியாணம். மச்சாள் மெலிந்து போனா. கேட்டால் "கலியாண அலைச்சல்" என்கிறா. வலையில் நண்டு கழற்றும்போது இடக்கையைத் தூக்காமல் மடியோடு வைத்திருந்த மாதிரி இருந்தது. வாதமாக்கும்.

07.04.2024, ஞாயிறு

கோயிலில் முதலாம் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகன் இன்னார் மகளைக் கலியாணம் செய்ய இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேணும் என்று சுவாமி வாசிக்க, பக்கத்தில் இருந்த மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தா. ஏன் இவ்வளவு பயம்?

24.04.2024, புதன்

கலியாணம் நல்லாய் முடிந்தது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள்.

காலையில் மச்சாளின் சேலைக்கு ஊசி குத்தப் போனேன். "வேண்டாம், நானே குத்துவன்" என்றா. கையைத் தட்டிவிட்டுக் குத்தினேன், நான் அப்படித்தான். என் புறங்கை இடது மார்பில் முட்டியது. கல். கல் மாதிரி. அக்குளுக்குள்ளும் கட்டிகள்.

"வாயைத் திறந்தியெண்டால் பார்! சம்பந்திப் பகுதி வாசல்லை நிக்குது. தாய்க்கு இந்த வருத்தமெண்டால் மகளுக்கும் வருமெண்டு சொல்லி விட்டிட்டுப் போயிடுவாங்கள். மூண்டு ஓலையும் வாசிச்சு முடியுமட்டும் நான் எப்பிடி இருந்தனெண்டு தெரியுமோ உனக்கு?"

படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தோம்.

08.05.2024

தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டதாம்.

அந்த டொக்டர் பிள்ளை கேட்டது, "இதுக்கு முதல் எங்கையாவது பரிசோதிச்சனீங்களோ அம்மா?" நான் பக்கத்தில் நின்றேன். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லை டொக்டர். கிளினிக் கடிதம் வந்தது, நான்தான் போகேல்லை." அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டது.

நான் வாயைத் திறக்கேல்லை. பதினொரு வருசம், இல்லை, இப்ப பன்னிரண்டு, ஊரெல்லாம் கத்தின வாய்!

ஓட்டோவில் வரும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னனீங்கள் என்று.

"உன்ரை வேலை போனால்? என்ரை தம்பியும் கடலிலை நட்டப்பட்டவன். விடு."

கொஞ்சத் தூரம் போய்ப் பிறகு தானாகவே சொன்னா: "அப்பவே சின்னனாய் ஒண்டு தட்டுப்பட்டது, நிரோ. உன்னட்டைச் சொல்ல வெக்கமாய் இருந்தது. பிறகு நீ 'சாதாரணம்' எண்டு எழுதித் தந்தாய். பயம் வாற நேரமெல்லாம் அந்தக் கார்டை எடுத்துப் பாப்பன்."

"நான் பாக்கவேயில்லையே மச்சாள்!"

"ஓம், எனக்குத் தெரியாதோ? எண்டாலும் எழுத்திலை கிடந்தால் நம்பச் சொல்லுது."

தட்டுப்பட்டது எண்டால்... என்ரை விரலுக்கும் தட்டுப்பட்டிருக்கும். குணலட்சுமியின்ரை கட்டி தட்டுப்பட்ட அதே நாள், அதே கட்டில், அதே விரல். ஐயோ, ரெண்டு நிமிசம். ரெண்டே ரெண்டு நிமிச வேலை.

14.09.2024

மருந்து ஏத்தின நாள். கஞ்சியும் நிற்கவில்லை.

20.12.2024

பாலன் பிறப்புக்குப் பலகாரம் சுடச்சொல்லிக் கட்டிலில் இருந்தபடியே என்னை ஏவுறா. பயித்தம் பணியாரத்துக்கு இனிப்புக் காணாதாம். "நீ எல்லாத்தையும் அவசரப்பட்டுச் செய்வாய்" என்றா. பகிடிக்குத்தான் சொன்னா. அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

09.02.2025, ஞாயிறு

மச்சாள் போயிட்டா. முதற்பூசை மணி அடிக்கேக்கை. நாற்பத்தேழு வயது.

11.03.2025

முப்பத்தோராம் நாள். பூசை முடிந்து சனம் சாப்பிட்டுப் போனபிறகு, பிலிப்பு அண்ணை – மச்சாளின் மனிசன் – செபப்புத்தகத்துக்குள் இருந்து கார்டை எடுத்து வந்தார்.

"இதை எரிக்கச் சொன்னவ. அவவின்ரை பேர் கிடக்கிற கடதாசி, எனக்கு மனம் வரேல்லை. இதிலை சாதாரணம் எண்டு கிடக்கு, உன்ரை கையெழுத்து. நீ பாக்கேக்கை ஒண்டும் இருக்கேல்லையோ பிள்ளை?"

ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். ஓம் எண்டால் முடிஞ்சுது. மச்சாளும் அதைத்தான் விரும்பியிருப்பா.

"நான் பாக்கேல்லை அண்ணை. பாக்காமல் எழுதினனான்."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். சுவர்ணா கழுவின கோப்பைகளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் எழும்பி வெளியே போனார். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

12.03.2025

எங்கள் அலுவலக டொக்டரின் மேசையில் கார்டை வைத்தேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். விசாரணை வரும். அதுவரை கிளினிக்கில் ஒருவரையும் நான் பரிசோதிக்கக் கூடாது, கையெழுத்தும் வைக்கக் கூடாது. பெயர் கூப்பிடலாம்.

இவர் இரண்டாம் நாளாய்க் கதைக்கவில்லை.

19.03.2025, புதன்

பெயர் கூப்பிட்டேன். பரிசோதிக்க வேறு பகுதியில் இருந்து ஒரு மிஸ் வந்திருந்தா.

குணலட்சுமி சந்தையில் இருந்து ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்தாள். தலைமயிர் திரும்ப அடர்த்தியாய் வளர்ந்துவிட்டது. "இந்த மிஸ் இல்லாட்டில் நான் எப்பவோ மண்ணுக்குள்ளை" என்று என்னைக் காட்டி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். நான் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிபோல் பிலிப்பு அண்ணை சைக்கிளை மதிலில் சாத்தினார். பின்னால் சுவர்ணா. தாய்க்கு இருந்தபடியால் மகளையும் இடைக்கிடை பார்க்கவேணும் என்று தெல்லிப்பழையில் சொல்லி விட்டிருக்கினமாம். மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் போகச் சொன்னவவாம்.

பெயரை எழுதி நம்பரைக் கொடுத்தேன். முறை வந்தது. அவளுக்கு வழிவிடத் திரையைப் பிடித்து விலக்கினேன்.

"நீ விடு பிள்ளை," என்றார் அண்ணை. கோபமாய்ச் சொல்லவில்லை. "அந்த மிஸ் பாக்கட்டும்."

கையை எடுத்தேன். சுவர்ணா தானே திரையை விலக்கி உள்ளே போனாள். ஏழு நிமிசம் பார்த்தா அந்த மிஸ்.